மேடையில் புயல், வெளியே மவுனம்: ஃப்ரெடி மெர்குரி கடைசி வரை மறைத்தது என்ன?

பட்டப்பகல். கலர் லைட் இல்லை, புகை இல்லை, ராஜா வேஷமும் இல்லை. வெள்ளை பனியனும் ஜீன்ஸும் போட்ட ஒருத்தர், அடிப்பாகம் இல்லாத மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு மேடையில் ஓடுகிறார். அடுத்த 20 நிமிஷத்துக்கு அவர் கை தூக்கினால் சுமார் 72,000 பேரும் கை தூக்குகிறார்கள். அவர் பாடினால் திருப்பிப் பாடுகிறார்கள்.

1985 ஜூலை 13-ம் தேதி, லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் எத்தியோப்பியா பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த ‘லைவ் எய்ட்’ நிகழ்ச்சி அது. பாடியவர், குயின் இசைக்குழுவின் ஃப்ரெடி மெர்குரி.

ராக் மேடையை நாடக மேடையாவே மாத்தியவர். ஆனா மேடையை விட்டு இறங்கிட்டா, தன்னைப் பற்றி அதிகம் பேசாதவர். பிறந்த ஊர், சொந்தப் பெயர், காதல், உயிரைப் பறித்த நோய்... எல்லாத்தையும் மூடியே வைத்திருந்தார். ஏன்?

சான்சிபார் டூ பஞ்ச்கனி

இவரோட உண்மையான பெயர் ஃபரோக் பல்சாரா. 1946 செப்டம்பர் 5-ம் தேதி, கிழக்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் சான்சிபார் தீவில் பிறந்தார். பெற்றோர் குஜராத்தைச் சேர்ந்த பார்சிகள். அப்பா பிரிட்டிஷ் அரசு அலுவலகத்தில் கேஷியர்.

8 வயசில் கப்பலேற்றி இந்தியாவுக்குப் படிக்க அனுப்பிட்டாங்க. மகாராஷ்டிரா மலைப்பகுதியில் உள்ள பஞ்ச்கனியின் செயின்ட் பீட்டர்ஸ் பள்ளி. ஹாஸ்டல் வாழ்க்கை. பியானோவை ஒழுங்காகக் கற்றது இங்கேதான். நண்பர்களோடு சேர்ந்து ‘தி ஹெக்டிக்ஸ்’ என்ற பேண்டை ஆரம்பித்ததும் இங்கேதான். ஃபரோக் என்ற பையன் ஃப்ரெடி ஆனதும் இந்த ஊரில்தான்.

ஏர்போர்ட்டில் மூட்டை தூக்கியவர்

1964-ல் சான்சிபாரில் புரட்சி வெடித்தது. அரபு, இந்திய வம்சாவளி மக்கள் பலர் கொல்லப்பட்டாங்க. பல்சாரா குடும்பம் உயிர் பிழைத்தால் போதும்னு இங்கிலாந்துக்குக் கிளம்பியது. லண்டனுக்குப் பக்கத்தில் ஃபெல்தம் என்ற இடத்தில் சின்ன வீடு. ஃப்ரெடிக்கு அப்போ 17 வயசு.

ஈலிங் கலைக் கல்லூரியில் கிராஃபிக் டிசைன் படித்தார். செலவுக்கு ஹீத்ரோ ஏர்போர்ட்டில் பெட்டி, மூட்டை தூக்கும் வேலை. கென்சிங்டன் மார்க்கெட்டில் பழைய துணி விற்கும் கடை. அந்தக் கடையில் கூட்டாளி, பின்னாளில் குயின் டிரம்மரான ரோஜர் டெய்லர்.

1970-ல் கிதார் கலைஞர் பிரையன் மே, டெய்லர் ஆகியோரோடு சேர்ந்து பேண்ட் தொடங்கினார். குயின்னு பெயர் வைத்தவர் ஃப்ரெடிதான். தன் பெயரையும் மெர்குரின்னு மாத்திக்கிட்டார். அடுத்த வருஷம் பேஸ் கிதாருக்கு ஜான் டீக்கன் வந்து சேர்ந்தார். குழுவின் சின்னத்தை வரைந்ததும் ஃப்ரெடி. நாலு பேரோட ராசிகளை வைத்து இரண்டு சிங்கம், ஒரு நண்டு, இரண்டு தேவதைகள். கல்லூரியில் படித்த டிசைன் வீண் போகலை!

5 நிமிஷம் 55 விநாடி

1975-ல் வந்தது ‘போஹீமியன் ராப்சோடி’. மெலடியா ஆரம்பித்து, நடுவில் ஓபராவாக மாறி, கடைசியில் ஹார்ட் ராக்கா வெடிக்கும் பாட்டு. ஓபரா பகுதியில் கேட்பது பெரிய பாடகர் கூட்டம் இல்லை. ஃப்ரெடி, மே, டெய்லர் மூணு பேரோட குரல்தான். மேல மேல பதிவு செய்து அடுக்கியதில் டேப்பே தேய்ந்துபோனது.

இவ்வளவு நீளமான பாட்டை எந்த ரேடியோ போடும்னு ரெக்கார்டு கம்பெனி தயங்கியது. ஆனா கென்னி எவரெட் என்ற ரேடியோ தொகுப்பாளர் இரண்டே நாளில் 14 தடவை போட்டார். பாட்டு பிரிட்டனில் தொடர்ந்து 9 வாரம் நம்பர் 1.

உடம்பே ஒரு நாடகம்

கண்ணுக்கு மை, நகத்துக்குக் கறுப்பு பாலிஷ், சிறகு மாதிரி விரியும் வெள்ளைச் சட்டை, பாலே டான்சர் உடை. 1979-ல் ராயல் பாலே கலைஞர்களோடு மேடையேறி நிஜமாவே ஆடினார். 1980-களில் மீசை, தோல் ஜாக்கெட். 1986 டூரில் கிரீடமும் ராஜா அங்கியும்.

வாயில் கூடுதலா நாலு பல் இருந்ததால் முன்பற்கள் துருத்திக்கொண்டிருக்கும். அதை நினைத்து ரொம்பவே கூச்சப்பட்டார். ஆனா சரி செய்தால் குரல் மாறிடுமோன்னு பயந்து அப்படியே விட்டுட்டார்.

சறுக்கலும் உண்டு. நிறவெறி ஆட்சிக்காக உலகமே தென்னாப்பிரிக்காவைப் புறக்கணித்த நேரம். 1984-ல் குயின் குழு அங்கே சன் சிட்டியில் போய்ப் பாடியது. கடும் கண்டனம் வந்தது. இசைக் கலைஞர்கள் சங்கம் அபராதமும் போட்டது.

படத்தில் வந்தது நிஜமா?

2018-ல் வந்த ‘போஹீமியன் ராப்சோடி’ படத்தில் ராமி மாலெக் ஃப்ரெடியாக நடித்து ஆஸ்கர் வாங்கினார். அதில் லைவ் எய்ட் மேடைக்கு முன்பே தனக்கு எச்ஐவி இருப்பது ஃப்ரெடிக்குத் தெரியும். நிஜத்தில் அது உறுதியானது 1987-ல். அதாவது லைவ் எய்டுக்கு இரண்டு வருஷம் கழித்து.

அதுக்குப் பிறகுதான் மவுனம் இன்னும் இறுகியது. அந்தக் காலத்தைப் பார்த்தால் காரணம் ஓரளவு புரியும். 1970-களின் பிரிட்டனில் ஆசியக் குடியேறிகள் மேல் வெளிப்படையான வெறுப்பு இருந்தது. தன்பால் உறவு இங்கிலாந்தில் குற்றம் இல்லைன்னு சட்டம் வந்ததே 1967-ல்தான். 1980-களில் எய்ட்ஸ் என்றாலே அவமானம். பத்திரிகைக்காரங்க ஃப்ரெடியின் வீட்டு வாசலிலேயே காத்துக் கிடந்தாங்க.

அவர் பதில் சொல்லலை. பாடினார். ஸ்பெயின் ஓபரா பாடகி மோன்செரா கபாயேவோடு ‘பார்சிலோனா’ ஆல்பம் செய்தார். உடம்பு மெலிந்தது வெளியே தெரியாதிருக்க கனமான மேக்கப், கறுப்பு வெள்ளை வீடியோ. 1991-ல் நிற்கவே கஷ்டப்பட்ட நிலையிலும் சுவிட்சர்லாந்தின் மாண்ட்ரோ ஸ்டூடியோவில், தான் போன பிறகு வெளிவரப் போகும் பாட்டுகளுக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கடைசி ஒரு நாள்

1991 நவம்பர் 23-ம் தேதி, தனக்கு எய்ட்ஸ் இருப்பதை அறிக்கை மூலம் முதல்முறையா உலகத்துக்குச் சொன்னார். மறுநாளே லண்டன் வீட்டில் இறந்தார். வயது 45. காதலர் ஜிம் ஹட்டன் கடைசி வரை கூடவே இருந்தார். இறுதிச் சடங்கு பார்சி முறைப்படி நடந்தது. வீட்டை, முன்னாள் காதலியும் நெருங்கிய தோழியுமான மேரி ஆஸ்டினுக்கு எழுதி வைத்திருந்தார்.

முன்னாடியே சொல்லியிருந்தால் எத்தனையோ நோயாளிகளுக்கு தைரியம் வந்திருக்குமேன்னு சிலர் விமர்சித்தாங்க. நோயைச் சொல்வதும் சொல்லாததும் நோயாளியோட உரிமைன்னு சிலர் வாதாடினாங்க. இந்த விவாதம் இன்னும் முடியலை. ஆனா அந்த ஒரு அறிக்கை, எய்ட்ஸைப் பற்றி வாய் திறக்காத பல வீடுகளைப் பேச வைத்தது. 1992 ஏப்ரலில் வெம்ப்ளியில் அவருக்கு அஞ்சலி நிகழ்ச்சி நடந்தது. அதிலிருந்து பிறந்த மெர்குரி ஃபீனிக்ஸ் டிரஸ்ட், உலகம் முழுக்க எய்ட்ஸ் ஒழிப்புப் பணிகளுக்கு நிதி கொடுக்கிறது.

2016-ல் ஃபெல்தமில் அவர் குடும்பம் வாழ்ந்த வீட்டில் ஒரு நீல நினைவுப் பலகை வைத்தாங்க. மெர்குரி என்ற பெயருக்குக் கீழே, அவர் பெரிசா வெளியே சொல்லிக்கொள்ளாத பல்சாரா என்ற பெயரும் அதில் இருக்கிறது.