ஒளியின் அலையைக் கண்ட பிரெனல்



இளமையில் படிப்பில் பின்தங்கிய பிள்ளை வாழ்விலும் பின்தங்கியே நிற்கும் என்று எண்ணுவோர் உளர். அவ்வெண்ணம் தவறு என்பதற்குப் பிரெஞ்சு நாட்டு அறிஞர் ஆகுஸ்தீன் பிரெனல் அவர்களின் வாழ்க்கை நல்லதொரு சான்றாகும்.

பிரெனல் 1788ஆம் ஆண்டு மே திங்கள் 10ஆம் நாள் நார்மண்டிப் பகுதியில் ஒரு கட்டடக் கலைஞரின் மகனாகப் பிறந்தார். இயல்பிலேயே மெலிந்த உடல். எட்டு வயதாகியும் எழுத்துக் கூட்டிப் படிக்கவே தடுமாறினார். ஆயினும், மரக்கிளைகளைக் கொண்டு அவர் செய்த விளையாட்டு விற்கள் மிகுந்த விசையுடன் பாய்ந்தமையால், ஊர்ப் பெற்றோர் அவற்றைத் தடை செய்ய நேர்ந்ததாம்! தாய் தந்தையர் மனம் தளராமல் வீட்டிலேயே கல்வி புகட்டினர். அதன் பயனாய், 1804ஆம் ஆண்டில், தமது 16ஆம் வயதில், பாரிசு நகரின் புகழ்பெற்ற தொழில்நுட்பக் கல்லூரியில் இடம் பெற்றார். பின்னர்ச் சாலைகள் அமைக்கும் அரசாங்கப் பொறியாளரானார்.

1815ஆம் ஆண்டில் நெப்போலியன் மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றியபோது, பிரெனல் அவரை எதிர்த்து நின்றார். அதனால் வேலை பறிபோயிற்று. காவல் துறையின் கண்காணிப்புக்கும் ஆளானார். தாயார் வாழ்ந்த மத்தியூ என்னும் சிற்றூருக்குத் திரும்பினார். ஆங்கு அவர் சோர்ந்திருக்கவில்லை. ஒளியைப் பற்றி ஆராயத் தொடங்கினார்.

ஒளி என்பது நுண்ணிய துகள்களின் ஓட்டம் என்பதே அக்காலப் பிரெஞ்சு அறிஞர் பெரும்பாலோரின் கொள்கை. அது அலையாக இருக்கலாம் என்று பிரெனல் கருதினார். ஆய்வுக் கருவி வாங்கப் பணமில்லை. ஊர்க் கொல்லர் சில கருவிகளைச் செய்து கொடுத்தார். செப்புத் தகட்டில் சிறு துளையிட்டு, அதில் ஒரு துளி தேனை வைத்து, அதனையே வில்லையாகக் கொண்டு சூரிய ஒளியைக் குவித்தார்.

அவ்வொளியின் முன் மெல்லிய கம்பியை நிறுத்தினார். கம்பியின் நிழலுக்குள் ஒளிக் கோடுகள் தோன்றின. கம்பியின் ஒரு பக்கத்தைக் கறுப்புத் தாளால் மறைத்ததும் அக்கோடுகள் மறைந்தன. இரு பக்கங்களிலிருந்தும் வளைந்து வரும் ஒளி ஒன்றுகூடினால்தான் அவை தோன்றும் என்பது புலனாயிற்று.

குளத்தில் இரு கற்களை எறிந்து பாருங்கள். அலைகள் பரவிச் சந்திக்கும். முகடும் முகடும் சேருமிடத்தில் நீர் உயரும். முகடும் பள்ளமும் சேருமிடத்தில் நீர் அடங்கும். ஒளியிலும் இவ்வாறே வெளிச்சமும் இருளும் உண்டாகின்றன. இதனைக் குறுக்கீட்டு விளைவு என்பர். தடையின் ஓரத்தில் அலை வளைந்து பரவுதல் விளிம்பு விளைவு எனப்படும். இங்கிலாந்தின் தாமசு யங் என்பவர் குறுக்கீட்டை முன்னரே கண்டிருந்தார். அதனை அறிந்ததும் பிரெனல் அப்பெருமையை அவருக்கே மனமுவந்து அளித்தார்.

பாரிசு அறிவியல் கழகம் நடத்திய போட்டிக்கு 1818ஆம் ஆண்டில் பிரெனல் தம் கட்டுரையை அனுப்பினார். நடுவருள் ஒருவரான புவாசோன் துகள் கொள்கையினர். இக்கணக்கு மெய்யானால், சிறு வட்டத் தகட்டின் நிழல் நடுவே ஒளிப்புள்ளி தோன்ற வேண்டுமே என்று அவர் சுட்டிக்காட்டினார். மற்றொரு நடுவரான அராகோ சோதித்துப் பார்த்தார். நிழலின் நடுவே ஒளிப்புள்ளி பளிச்சிட்டது! 1819இல் பரிசு பிரெனலுக்கே கிடைத்தது.

அவர் அறிவு கடலோடிகளுக்கும் உதவியது. கனத்த ஒற்றை வில்லைக்குப் பதிலாகக் கண்ணாடித் துண்டுகளை வளையம் வளையமாக அடுக்கிக் கலங்கரை விளக்கிற்குப் புதிய வில்லையை அமைத்தார். 1823ஆம் ஆண்டில் கோர்துவான் கலங்கரை விளக்கில் அது முதன்முதலாக ஒளி வீசிற்று. பின்னர் உலகக் கடற்கரைகள் பலவற்றிலும் அவ்வமைப்பு இடம்பெற்று, எண்ணற்ற மாலுமிகளுக்கு வழிகாட்டியது.

எலும்புருக்கி நோய் அவரை வாட்டியது. 1827ஆம் ஆண்டு சூலை 14ஆம் நாள், தமது 39ஆம் வயதில் அவர் மறைந்தார். இலண்டன் அரச கழகம் வழங்கிய ரம்போர்டு பதக்கம் மரணப் படுக்கையில்தான் அவர் கையை எட்டியது.

பெற்றோர்களே! மெல்லப் படிக்கும் பிள்ளையை மந்தம் என்று ஒதுக்காதீர்கள், பொறுமையுடன் அரவணையுங்கள். மாணவர்களே! கருவியில்லை, வசதியில்லை என்று கலங்காதீர்கள். ஒரு துளி தேனும் ஊர்க் கொல்லரின் உதவியும் கொண்டு ஒளியின் இயல்பை அறிந்தவர் பிரெனல். முயற்சியுடையோர்க்கு எவ்விடமும் ஆய்வுக்கூடமே.