ரப்பரைப் பக்குவப்படுத்திய கடனாளி

இஸ்திரிப் பெட்டியின் கம்பியைக் கையால் ஒதுக்கியபடியே துணி தேய்க்கிறோம். உள்ளே ஓடுவது உயிரைப் பறிக்கவல்ல மின்சாரம். அதற்கும் நம் விரலுக்கும் இடையே இருப்பது ஒரு மெல்லிய உறை. அந்த உறை வெப்பத்தில் இளகாமலும் குளிரில் வெடிக்காமலும் இருக்க வழி கண்டவர் சார்லஸ் குட்இயர். மின்விளக்கு வீடுகளுக்கு வருமுன்னரே அவர் மறைந்துவிட்டார். ஆகவே தம் கண்டுபிடிப்பின் இந்தப் பயனை அவர் கனவிலும் கண்டிருக்கமாட்டார்.

1800ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் அவர் பிறந்தார். தந்தை அமாசா இரும்புச் சாமான்கள் செய்து விற்றவர். 1824இல் கிளாரிசா பீச்சர் என்ற மங்கையை மணந்து, பிலடெல்பியாவில் கடை வைத்தார். கடை நொடித்தது. கடனைத் தீர்க்க முடியாதவர்களைச் சிறையில் தள்ளிய காலம் அது.

1834இல் நியூயார்க்கில் ஒரு கடையில் ரப்பர் மிதவை ஒன்றைக் கண்டு, அதன் வால்வைத் திருத்தியமைத்து எடுத்துச் சென்றார். குறை வால்வில் இல்லை, ரப்பரிலேயே இருக்கிறது என்று அங்கே தெரியவந்தது. கோடையில் விற்ற பொருள்களெல்லாம் பிசினாகி நாற்றமெடுத்துத் திரும்பி வந்துகொண்டிருந்தன. குளிர்காலத்திலோ ரப்பர் கல்லாய் இறுகிப் பிளந்தது. இதை மாற்றியே தீருவேன் என்று குட்இயர் முடிவு செய்தார். அவர் வேதியியல் படித்தவரல்லர் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

முதல் சோதனைகள் சிறையிலேயே நடந்தன. கிளாரிசா கொண்டுவந்து கொடுத்த மாவு தேய்க்கும் கட்டைதான் கருவி! மக்னீசியா கலந்து பார்த்தார். சுண்ணாம்பு சேர்த்துப் பார்த்தார். நைட்ரிக் அமிலத்தில் தோய்த்தார். அமிலம் பலித்ததென்று நம்பி, அரசாங்கத்துக்குத் தபால் பைகள் செய்தார். வெப்பத்தில் அவையும் இளகி உருக்குலைந்தன. தலை முதல் கால்வரை ரப்பர் உடை அணிந்து, காலியான ரப்பர் பணப்பையோடு ஒருவர் வந்தால் அவர்தாம் குட்இயர் என்று ஊரார் கேலி பேசினார்கள்.

நதானியேல் ஹேவர்ட் என்பவர் ரப்பரில் கந்தகம் தூவி வெயிலில் காயவைக்கும் முறையைக் கண்டிருந்தார். அந்த உரிமையைக் குட்இயர் விலைக்கு வாங்கினார். 1839இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து வோபர்ன் ஊரில், கந்தகம் கலந்த ரப்பர்த் துண்டொன்று சூடான அடுப்பின்மேல் பட்டது. உருகியிருக்க வேண்டியது தோல்போலக் கருகிற்று. ஓரத்தில் மட்டும் கருகாமல், உறுதியும் நெகிழ்வுமாக நின்றது. அதை இரவெல்லாம் வெளியே பனியில் அறைந்து வைத்தார். காலையிலும் வளைந்து கொடுத்தது.

எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று அறிய மேலும் ஐந்தாண்டுகள் ஆயின. சூடு குறைந்தால் பிசின், மிகுந்தால் கரி. நம் வீட்டுப் பாகு பதத்தைப்போன்ற கதைதான். 1844 ஜூன் 15இல் பெற்ற காப்புரிமையில் 25 பங்கு ரப்பர், 5 பங்கு கந்தகம், 7 பங்கு வெள்ளை ஈயம், ஏறத்தாழ 270 பாரன்ஹீட் சூடு என்று கணக்குச் சொன்னார்.

அந்த ஆண்டுகளில் குடும்பம் பட்டபாட்டை எழுதவே கை தயங்குகிறது. குழந்தைகளின் பள்ளிப் புத்தகங்கள்கூட விற்கப்பட்டன. இறந்த குழந்தையை அடக்கம் செய்யவும் காசில்லாத நாள் வந்தது. அவரது விடாமுயற்சியைப் போற்றும் நாம், அதன் விலையைக் கிளாரிசாவும் பிள்ளைகளுமே பெரிதும் கொடுத்தார்கள் என்பதை மறைக்க விரும்பவில்லை. கிளாரிசா 1853இல் காலமானார்.

இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் குட்இயரின் மாதிரித் துண்டுகளைப் பார்த்துத் தாமும் ஆராய்ந்து, அங்கே முந்திக்கொண்டு காப்புரிமை பெற்றார். ரோமரின் நெருப்புத் தெய்வமான வல்கனின் பெயரால் இம்முறைக்கு வல்கனைசிங் என்று பெயர் வந்ததும் ஹான்காக்கின் நண்பர் வாயிலாகவே. பஞ்சர்க் கடைப் பலகைகளில் நாம் படிக்கும் அதே சொல்!

செம்புக் கம்பிக்குப் பச்சை ரப்பரைச் சுற்றினால், மின்சாரம் பாய்ந்து கம்பி சூடேறும்போது உறை இளகிவிடும். கந்தகமும் சூடும் சேர்ந்தால் ரப்பரின் நீண்ட இழைகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகள் உண்டாகின்றன; பின் அது உருகாது. ஆனால் கந்தகம் செம்பைக் கறுக்கச் செய்யும். ஆகவே அக்காலக் கம்பிகளுக்கு முதலில் ஈயம் பூசுவதுபோல வெள்ளீயம் பூசினார்கள். பிற்காலத் தொழிற்சாலைகளில் ரப்பர் பூசிய கம்பி, அழுத்தமான நீராவி நிறைந்த நீண்ட குழாயினூடே ஓடியபடியே வெந்து வெளிவருகிறது. இன்றைய ரப்பர் உறை மின்வடங்கள் பலவற்றில் செயற்கை ரப்பரும் கந்தகத்துக்குப் பதிலாகப் பெராக்சைடும் உண்டு. வேகவைத்துப் பிணைக்கும் தத்துவம் மாறவில்லை.

1855இல் பாரிஸ் கண்காட்சியில் குட்இயருக்குப் பதக்கமும் பிரெஞ்சு அரசின் விருதும் கிடைத்தன. அந்த விருதுச் செய்தி வந்தபோது அவர் அங்கே கடனுக்காகச் சிறையில் இருந்தார். 1860 ஜூலை 1ஆம் நாள், நோயுற்ற மகளைப் பார்க்கப் புறப்பட்டவர் நியூயார்க்கில் உயிர் நீத்தார். விட்டுச் சென்ற கடன் ஏறத்தாழ இரண்டு லட்சம் டாலர். 1898இல் தொடங்கிய டயர் நிறுவனம் அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. அதில் அவர் குடும்பத்துக்குப் பங்கேதும் இல்லை.