சோளசிம்மபுரம் தொட்டையாசார்யர்



மனமும் சொல்லும் செயலும் ஒருவழிப்பட்டிருக்கையை ஆர்ஜவம் என்று நம் பூர்வர்கள் வழங்குவர். பிறரிடம் பொய்யுரையாமை அதில் ஒரு பகுதி. தமக்குத் தாமே பொய் சொல்லிக்கொள்ளாமை அதனினும் அரிது. இவ்விரண்டும் தொட்டையாசார்யர் ஸ்வாமியின் சரித்திரத்தில் சேர்ந்திருக்கக் காண்கிறோம்.

வேலூர், ஆம்பூர், இராணிப்பேட்டை என்றால் இன்று தோல் பதனிடும் தொழிலே பலர் நினைவுக்கு வரும். நமக்கோ அச்சீமையில் முதலில் தோன்றுவது திருக்கடிகை என்னும் சோளசிம்மபுரம். 2019 வரை வேலூர் மாவட்டத்தில் இருந்து, இப்போது இராணிப்பேட்டை மாவட்டத்தில் அடங்கிய சோளிங்கர் அதுவே. பெரிய மலையில் 1305 படிகளுக்கு மேலே யோக நரஸிம்ஹன் எழுந்தருளியிருக்கிறான். எதிரே சின்ன மலையில் யோக ஆஞ்சநேயர்.

அவ்வூரில் 16ஆம் நூற்றாண்டில், வாதூல குலத்தில் வாழ்ந்தவர் நம் ஸ்வாமி. உலகம் மஹாசார்யர் என்று கொண்டாடிய அவருக்கு ராமாநுஜதாஸர் என்றும் ஒரு பெயர் உண்டு. இரண்டில் எது அவர் திருவுள்ளத்துக்கு உகந்தது என்பதை வாசகர்களே அறிவர். ஸ்வாமி தேசிகனின் சததூஷணிக்கு அவர் இட்ட வியாக்யானம் சண்டமாருதம். பெயருக்கேற்பப் புயல்தான், ஆயினும் அத்தகைய வாத நூல்களில் மாற்றார் பக்ஷத்தை அவர்கள் கொண்டபடியே முதலில் நிறுத்திய பின்னரே மறுக்க வேண்டும் என்பது முறை. எதிராளியைத் திரித்துக் காட்டிப் பெறும் வெற்றி வெற்றியாகாது. அதே காலத்தில் வேலூர் சின்ன பொம்ம நாயக்கரின் ஆதரவில் இருந்த அப்பைய தீக்ஷிதர், சைவராயிருந்தும், ராமாநுஜ ஸித்தாந்தத்தை அதன் வழியிலேயே விளக்க நயமயூகமாலிகை எழுதினார். தேசிகனின் யாதவாப்யுதயத்துக்கும் உரை செய்தார். கருத்தில் எதிர்நின்றவர்களிடமும் இந்நேர்மை இருந்த காலம் அது.

இனி, நாம் முக்கியமாகச் சொல்ல வந்த செய்தி. ஆண்டுதோறும் வைகாசி ப்ரஹ்மோத்ஸவத்தில் பேரருளாளனின் கருடஸேவைக்குக் காஞ்சி சென்று சேவிப்பது ஸ்வாமியின் வழக்கம். 50 கிலோமீட்டருக்கும் மேலான வழி. ஓராண்டு உடல் தளர்ச்சியால் புறப்பட இயலவில்லை. கருடஸேவை நாள் விடியலில் ஊரிலுள்ள தக்கான் குளக்கரையில் நின்று கண்ணீர் பெருக்கினார்.

இங்கே சற்று நிற்போம். எம்பெருமான் எங்கும் நிறைந்தவன் என்பதைச் சண்டமாருதம் எழுதியவருக்கு யார் எடுத்துச் சொல்ல வேண்டும்? தலையை நிமிர்த்தினால் மலைமேல் நரஸிம்ஹன். அவனே இவன் என்று தேற்றிக்கொள்ள எல்லாப் பிரமாணங்களும் கைவசம் இருந்தன. சீடர்கள் முன்பு அது ஞானியின் பெருமையாகவும் தோன்றியிருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. காஞ்சியில், கருடன் மேல், அந்த விடியலில் காண வேண்டும் என்பதே அவர் ஆசை. காணவில்லை என்பதே உண்மை. தத்துவத்தை இட்டு அந்த ஏக்கத்தை மூடிவிட அவர் திருவுள்ளம் இசையவில்லை. திருவாய்மொழி வியாக்யானங்களைப் பயில்வோருக்கு இது புதிதன்று. எல்லாம் அறிந்த ஆழ்வாரே பிரிவாற்றாது பெண்பிள்ளையாய்க் கதறுகிறார் அல்லவோ. அங்கும் அறிவு குறைந்து அழுகை வந்ததில்லை.

அந்நிலையில் பிறந்தது தேவராஜ பஞ்சகம். கருடாரூடனாய் எழுந்தருளும் வரதனின் அழகை ஐந்து ச்லோகங்களில் அருளிச்செய்தார். வரதனும் அக்குளக்கரையிலேயே கருடன் மீது காட்சி தந்தருளினான் என்பது பெரியோர் வழிவந்த செய்தி.

இன்றும் காஞ்சியில் கருடஸேவையன்று பெருமாள் கோபுர வாசலுக்கு எழுந்தருளியதும், குடைகளைத் தாழ்த்திச் சில கணங்கள் அவனை மறைக்கிறார்கள். இதற்குத் தொட்டையாசார்யர் ஸேவை என்று பெயர். இரவெல்லாம் காத்திருந்த பெருந்திரளுக்கு அப்போது குடைகள் மட்டுமே தெரியும். வரதன் அந்நேரம் சோளசிம்மபுரத்துக் குளக்கரையில் இருக்கிறான்.