உயிர்க்கொல்லியைக் காவலாக்கியவர்

நாமக்கல், சேலம் சமவெளியில் பல்லாயிரம் குடும்பங்களுக்குக் கோழிப்பண்ணையே வாழ்வு. பண்ணைக்குள் கொள்ளைநோய் புகுந்துவிட்டால், பல திங்கள் உழைப்பு சில நாள்களில் அழியும். அத்தகைய நோய்களுள் ஒன்றான கோழிக் காலராவை ஆராய்ந்து, தடுப்பூசி அறிவியலுக்குப் புதுவழி திறந்தவர் லூயி பாஸ்டர்.

பிரான்சு நாட்டின் டோல் நகரில், 1822 டிசம்பர் 27 அன்று, தோல் பதனிடும் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார் பாஸ்டர். வேதியியல் பயின்ற அவர், நொதித்தலுக்கு நுண்ணுயிரிகளே காரணம் என நிறுவினார். தம் மக்கள் ஐவருள் மூவரை இளமையிலேயே இழந்தார். 1868இல் தாக்கிய பக்கவாதம் உடலின் இடப்பக்கத்தை முடக்கியது. ஆயினும் அவரது ஆய்வு ஓயவில்லை.

கால்நடை மருத்துவர் துசேன் என்பாரிடமிருந்து கோழிக் காலராக் கிருமியைப் பெற்ற பாஸ்டர், அதைக் கோழி இறைச்சிச் சாற்றில் வளர்த்தார். புதிதாக வளர்த்த கிருமியைச் செலுத்தியதும் கோழிகள் விரைந்து மடிந்தன. பல திங்கள் காற்றுப்பட வைத்திருந்த கிருமியைச் செலுத்தியபோதோ, இறப்பு குறைந்தது. காற்றுப் புகாமல் அடைத்த குழாயிலிருந்த கிருமி வீரியம் குன்றாதிருந்தது. எத்தனை கோழிகளுக்குச் செலுத்தினால் எத்தனை மடிகின்றன என்னும் கணக்கே வீரியத்தை அளக்கும் கோலாயிற்று.

வீரியம் குன்றிய கிருமியால் சிறிதளவே நோயுற்றுத் தேறிய கோழிகள், பின்னர்க் கொடிய கிருமியைச் செலுத்தியபோதும் பிழைத்தன. கொல்ல வந்த கிருமியே காவலாக மாறியது! தற்செயலாய் நேர்ந்ததென இக்கண்டுபிடிப்பைக் கதையாகக் கூறுவர். ஆனால், உதவியாளர் எமில் ரூவும் பாஸ்டரும் திங்கள் பல பொறுமையுடன் செய்த சோதனைகளே இதற்கு அடிப்படை. 1880இல் பாரிசு அறிவியல் கழகத்தில் பாஸ்டர் இதனை அறிவித்தார். கிருமியின் வீரியம் மாறாத இயல்பன்று. அதனை அளக்கலாம், குறைக்கவும் கூடும் என்பதை உலகம் உணர்ந்தது. இவ்வழியிலேயே 1881இல் ஆடுமாடுகளைக் கொல்லும் அடைப்பான் நோய்க்கும், 1885இல் வெறிநாய்க்கடிக்கும் தடுப்பூசி கண்டார். 1895 செப்டம்பர் 28 அன்று அவர் மறைந்தார்.

கோழிக் காலராக் கிருமி இன்று அவர் பெயராலேயே பாஸ்டரெல்லா என வழங்கப்படுகிறது. ஒரே இனக் கிருமியாயினும், ஒரு பண்ணையில் காண்பது கொடிதாகவும் மற்றொன்றில் காண்பது மெலிதாகவும் இருக்கக்கூடும். எனவே, கிருமியின் பெயரை அறிவதோடு அதன் வீரியத்தையும் அளந்தறிதல் வேண்டும். 1985 முதல் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. அங்குப் பயிலும் மாணவர்க்கும், தடுப்பூசியை நம்பிக் குஞ்சு வளர்க்கும் உழவர்க்கும், பாஸ்டரின் பொறுமை விட்டுச்சென்ற செல்வம் இதுவே.