பகா எண்ணில் நிலைத்த பெயர்

எம். புதுப்பட்டியிலிருந்து இராசபாளையம் வழியே தென்மேற்கே சென்றால் குற்றாலத்தை அடையலாம். அதனை அடுத்த வல்லம் என்னும் சிற்றூரில் 5.4.1901 அன்று தோன்றியவர் கணித மேதை எஸ். எஸ். பிள்ளை எனப்படும் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை.

கைக்குழந்தைப் பருவத்தில் தாயையும், பள்ளிப் பருவத்தில் தந்தையையும் இழந்தார். கல்வி தடைப்படவிருந்த வேளையில் சாஸ்திரியார் என்னும் ஆசிரியர் பொருளுதவி செய்து காத்தார். நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் பயின்ற அவர், 1929 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார்.

எந்த முழு எண்ணையும் ஆறாம் அடுக்குகளின் கூட்டலாக எழுத 73 அடுக்குகள் போதும் என 1940இல் நிறுவினார்.

பகா எண்களைப் பற்றியும் அவர் ஒரு வினா எழுப்பினார். 1, 2, 3 ஆகியவற்றைப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 7 வரும். 7ஐ 3ஆல் வகுத்தால் மீதி 1. இவ்வொழுங்கு என்றும் நிலைக்குமா? 14 வரை பெருக்கி ஒன்றைக் கூட்டினால் வரும் பேரெண்ணை 23 மீதமின்றி வகுக்கிறது. ஆனால் 23ஐ 14ஆல் வகுத்தால் மீதி 9. ஒழுங்கு முறிந்தது! இத்தகைய எண்கள் இன்று 'பிள்ளை பகா எண்கள்' எனப்படுகின்றன. அவை முடிவில்லாதவை என்பதும் பின்னர் நிறுவப்பட்டது.

அமெரிக்காவில் ஆய்வு செய்யவும் உலகக் கணித மாநாட்டில் கலந்துகொள்ளவும் புறப்பட்ட அவர், 31.8.1950 அன்று எகிப்தில் நேர்ந்த விமான விபத்தில் மறைந்தார். அப்போது வயது 49.

அந்த ஆசிரியர் கைகொடாதிருந்தால் இம்மேதையை நாம் அறிந்திருக்க மாட்டோம். கல்வி தேடுதலைக் கடமையெனக் கொண்ட நம் சமுதாயம், தந்தையை இழந்த மாணவர் எவரும் படிப்பை இடையில் நிறுத்தாதவாறு காப்பதே அவருக்கு நாம் செய்யும் நன்றியாகும்.