பூமிக்குள் எண்ணெய் தேடிய மந்திரி
கேசவ தேவ் மாளவியாவின் வாழ்க்கை

செஞ்சிக் கோட்டையில் மூன்று மலைகள் உண்டு. அவற்றில் ஒன்று கிருஷ்ணகிரி. அந்த மலையில் நெற்களஞ்சியங்கள் இருக்கின்றன. எண்ணெய்க் கிணறு, நெய்க் கிணறு என்று சொல்லப்படும் தொட்டிகளும் இருக்கின்றன.

பெயர்தான் கிணறு. அதில் ஊற்று கிடையாது! மேலிருந்து எவ்வளவு ஊற்றினார்களோ, அவ்வளவுதான் திரும்ப எடுக்க முடியும்.

1690-ம் ஆண்டு முதல் 1698-ம் ஆண்டு வரை மொகலாயப் படை செஞ்சியை முற்றுகை இட்டது. இப்படி ஆண்டுக்கணக்கில் எதிரி வாசலில் நிற்கும்போது, கோட்டைக்காரர்களுக்கு எது முக்கியம்? கிடங்கில் என்ன மிச்சம் இருக்கிறது என்ற கணக்குதான்.

பெட்ரோல் எடுக்கும் எண்ணெய்க் கிணறும் செஞ்சிக் கிணறு போன்றதுதான். அதிலும் ஊற்று இல்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இயற்கை நிரப்பி வைத்த கிடங்கு அது. எடுக்க எடுக்கக் குறையும்.

அப்படிப்பட்ட கிடங்குகள் இந்திய மண்ணிலும் ஏராளமாக உண்டு என்று ஒருவர் நம்பினார். பலர் கேலி செய்தும் அவர் விடவில்லை. தேடினார், கண்டுபிடிக்கச் செய்தார். இந்திய எண்ணெய்த் தொழிலின் தந்தை என்று பெயர் பெற்றார்.

அவர்தான் கேசவ தேவ் மாளவியா.

எண்ணெய் படித்த மாணவர்

மாளவியா 1904-ம் ஆண்டு பிறந்தார். அலகாபாத்தைச் சேர்ந்தவர். கான்பூரில் உள்ள தொழில்நுட்பக் கல்லூரியில் எண்ணெய்த் தொழில்நுட்பம் படித்தார்.

படித்து முடித்தவர் வேலையில் அமர்ந்து சுகமாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் அது விடுதலைப் போராட்டக் காலம். மாளவியா காங்கிரசில் சேர்ந்தார். சிறைக்கும் போனார்.

நாடு விடுதலை அடைந்தது. நேரு பிரதமர் ஆனார். 1950-களில் மாளவியா, இயற்கை வளத் துறையின் துணை மந்திரி ஆனார். கல்லூரியில் படித்த படிப்பு அப்போதுதான் கைகொடுத்தது.

இல்லை என்றார்கள்

அன்று இந்தியாவில் எண்ணெய் கிடைத்த இடம் அசாம் மட்டும்தான். அங்கே டிக்பாய் என்ற ஊரில் 1889-ம் ஆண்டிலேயே எண்ணெய் கண்டுபிடித்தார்கள். 1901-ம் ஆண்டு சுத்திகரிப்பு ஆலையும் கட்டினார்கள். ஆனால் 1947-ம் ஆண்டில் நாடு முழுவதும் கிடைத்த எண்ணெய் சுமார் 2½ லட்சம் டன்தான். தேவையில் அது சிறு பங்கு.

மீதி எண்ணெய் கப்பலில் வந்தது. விற்றவை பர்மா ஷெல், ஸ்டான்வாக், கால்டெக்ஸ் ஆகிய வெளிநாட்டுக் கம்பெனிகள். விளக்குக்கு ஊற்றும் மண்எண்ணெய் முதல் விமானத்துக்கு ஊற்றும் பெட்ரோல் வரை எல்லாம் அவற்றின் கையில். விலை வைத்தவர்களும் அவர்களே.

அசாமுக்கு வெளியே பெரிதாக எண்ணெய் கிடைக்காது என்பதே அன்று பலருடைய எண்ணம். இல்லாத எண்ணெய்க்காக ஏழை நாடு கோடி கோடியாகச் செலவு செய்யலாமா என்று டெல்லியிலேயே கேட்டார்கள்.

மாளவியா மட்டும் அசையவில்லை. தேடிப் பார்க்காமலே இல்லை என்று எப்படிச் சொல்லலாம் என்பது அவர் கட்சி. நேரு அவருக்கு ஆதரவாக இருந்தார்.

ரஷியா, ருமேனியா முதலிய நாடுகளின் உதவியை மாளவியா நாடினார். ரஷிய நிபுணர்கள் வந்து இந்திய மண்ணை ஆராய்ந்தார்கள். எண்ணெய் இருக்கக்கூடிய இடங்கள் பல உண்டு என்று அறிக்கை கொடுத்தார்கள்.

1956-ம் ஆண்டு ஆகஸ்டு 14-ந்தேதி எண்ணெய், இயற்கை எரிவாயு கமிஷன் அமைக்கப்பட்டது. ஓ.என்.ஜி.சி. என்று இன்று நாம் அழைப்பது அதைத்தான். டேராடூன் நகரம் அதன் தலைமை இடமாயிற்று.

செஞ்சி மலையில் கிடைக்குமா?

எண்ணெய் எல்லா இடத்திலும் கிடைக்காது. செஞ்சி மலையைத் துளைத்தால் ஒரு சொட்டுகூட வராது! அது 200 கோடி ஆண்டுகளுக்கும் மூத்த கருங்கல்.

கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்கள் மடிந்து, அவற்றின் மேல் சேறும் மணலும் படிந்து, மண்ணுக்குள் அழுந்தி வெந்து எண்ணெய் ஆயின. ஆகவே வண்டல் படிந்த பாறைகளில்தான் எண்ணெயைத் தேட வேண்டும்.

செஞ்சியிலிருந்து கிழக்கே புதுச்சேரிக் கடற்கரைப் பக்கம் போனால் அத்தகைய பாறை வந்துவிடுகிறது. அதுதான் காவிரிப் படுகையின் வட பகுதி. அந்தப் படுகையின் தெற்கே, நாகை அருகில் உள்ள நரிமணத்தில் 1980-களில் எண்ணெய் கிடைத்தது.

எண்ணெய் பொங்கியது

கமிஷன் முதலில் இமயமலை அடிவாரத்தில் ஜ்வாலாமுகியில் துளை போட்டது. அங்கே கோவிலில் பாறையிடுக்கில் தானாகவே நெருப்பு எரிகிறது. அதனால் அடியில் எண்ணெய் இருக்கும் என்று நம்பினார்கள். எரிவாயு வந்தது. எண்ணெய் வரவில்லை. கேலி செய்தவர்களின் குரல் ஓங்கியது.

அடுத்து குஜராத்துக்குப் போனார்கள். 1958-ம் ஆண்டு செப்டம்பர் மாதம், காம்பே அருகே லூனேஜ் என்ற இடத்தில் எண்ணெய் வந்தது!

1960-ம் ஆண்டு மே மாதம் அங்கலேஷ்வரில் இன்னும் பெரிய எண்ணெய் வயல் கிடைத்தது. அதைப் பார்த்து மகிழ்ந்த நேரு, வளத்தின் ஊற்று என்று அதைப் போற்றினார். இல்லை என்றவர்கள் வாய் அடைத்துப் போனார்கள்.

விலையைக் குறைத்தார்

அதே 1960-ம் ஆண்டில் மாளவியா இன்னொரு காரியம் செய்தார். ரஷியா மலிவு விலையில் கச்சா எண்ணெய் தர முன்வந்தது. அதைச் சுத்திகரித்துத் தர வெளிநாட்டுக் கம்பெனிகள் மறுத்துவிட்டன. ஆனாலும் ரஷிய விலையைக் காட்டியே மாளவியா பேரம் பேசினார். கம்பெனிகள் தங்கள் கச்சா எண்ணெய் விலையைக் குறைக்க நேர்ந்தது.

எண்ணெய் விற்க அரசாங்கமே 1959-ம் ஆண்டு இந்தியன் ஆயில் கம்பெனியைத் தொடங்கியது. கவுகாத்தி, பரவுனி, கோயலி ஆகிய இடங்களில் அரசு ஆலைகள் எழுந்தன.

பதவி போயிற்று

புகழின் உச்சியில் இருந்தபோது இடி விழுந்தது. ஒரு சுரங்கக் கம்பெனியிடமிருந்து, கட்சி வேட்பாளர் ஒருவரின் தேர்தல் செலவுக்காக 10 ஆயிரம் ரூபாய் பெற்றுக் கொடுத்தார் என்று மாளவியா மீது புகார் எழுந்தது. நீதிபதி ஒருவர் விசாரித்தார். 1963-ம் ஆண்டு மாளவியா ராஜினாமா செய்தார்.

நாட்டுக்குக் கோடிக்கணக்கான செல்வம் தேடிக் கொடுத்தவரின் பதவி, 10 ஆயிரம் ரூபாய் விவகாரத்தில் போயிற்று!

கடலுக்குள் ஒரு கிடங்கு

1973-ம் ஆண்டு மேற்கு ஆசியாவில் போர் மூண்டது. அரபு நாடுகள் எண்ணெய் விநியோகத்தைக் குறைத்தன. சில மாதங்களில் விலை ஏறத்தாழ 4 மடங்கு ஆயிற்று. இந்தியா திணறியது.

மறு ஆண்டு நல்ல செய்தி வந்தது. மும்பைக்கு மேற்கே கடலில் சாகர் சாம்ராட் என்ற மேடையிலிருந்து துளை போட்டார்கள். 1974-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் எண்ணெய் கிடைத்தது. அதுதான் பாம்பே ஹை. அதுவரை இந்தியா கண்ட எண்ணெய் வயல்களில் அதுவே பெரியது.

காலம் மாளவியாவை மறக்கவில்லை. இந்திரா காந்தி அவரை மீண்டும் மந்திரி சபைக்கு அழைத்தார். 1976-ம் ஆண்டு பாம்பே ஹை எண்ணெய் கரைக்கு வந்தபோது, எண்ணெய் மந்திரி மாளவியாதான். அப்போது அவருக்கு 70 வயதுக்கு மேல்.

1981-ம் ஆண்டு அவர் காலமானார். டேராடூனில் உள்ள எண்ணெய் ஆராய்ச்சி நிலையத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்.

கிணறு ஏன் கிழடாகிறது?

மாளவியா காலத்துக் கிணறுகள் இன்று எப்படி இருக்கின்றன?

செங்கல்லைத் தண்ணீரில் போட்டால் தண்ணீரைக் குடித்துக்கொள்கிறது அல்லவா? அதுபோலப் பாறையின் நுண்ணிய துளைகளில் எண்ணெய் ஊறிக் கிடக்கிறது. கூடவே வாயுவும் தண்ணீரும் இருந்து அழுத்துகின்றன. துளை போட்டதும், கோலி சோடா திறந்ததுபோல் எண்ணெய் பொங்கி வருகிறது.

சோடா கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுகிறது. கிணறும் அப்படியே. அழுத்தம் குறைந்ததும் பம்பு வைத்து இறைக்கிறார்கள். பிறகு பக்கத்துத் துளை வழியாகத் தண்ணீரைச் செலுத்தி எண்ணெயைத் தள்ளுகிறார்கள். நாளடைவில் எண்ணெயோடு தண்ணீரும் வருகிறது. கடைசியில் எண்ணெய் கொஞ்சம், தண்ணீர் அதிகம் என்று ஆகிவிடுகிறது. எவ்வளவு முயன்றாலும் பெரும் பகுதி எண்ணெய் பாறையிலேயே தங்கிவிடுகிறது.

பாம்பே ஹை வயலில் 1985-ம் ஆண்டு நாள் ஒன்றுக்கு 4 லட்சத்து 70 ஆயிரம் பீப்பாய்க்கு மேல் எண்ணெய் வந்தது. 2024-ம் ஆண்டில் வந்தது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பீப்பாய்தான். அங்கலேஷ்வரிலும் பழைய வேகம் இல்லை.

நாடு முழுவதற்கும் கணக்கு அப்படியே. 2011-12-ல் இந்தியாவில் எடுத்த கச்சா எண்ணெய் சுமார் 3 கோடியே 80 லட்சம் டன். 2023-24-ல் அது 2 கோடியே 94 லட்சம் டன்னாகக் குறைந்துவிட்டது. தேவையோ ஏறிக்கொண்டே போகிறது. 100 லிட்டர் கச்சா எண்ணெயில் 85 லிட்டருக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது.

அமெரிக்கர் போட்ட கணக்கு

மாளவியா எண்ணெய்க் கமிஷனை அமைத்த அதே 1956-ம் ஆண்டில், ஹப்பர்ட் என்ற அமெரிக்க நில ஆராய்ச்சியாளர் ஒரு கணக்குப் போட்டார். அமெரிக்காவின் எண்ணெய் உற்பத்தி 1970-ம் ஆண்டுவாக்கில் உச்சிக்குப் போய், பிறகு இறங்கும் என்றார். பலர் சிரித்தார்கள். 1970-ம் ஆண்டு அப்படியே நடந்தது!

ஆனால் அதோடு கதை முடியவில்லை. கெட்டியான களிப்பாறையை உடைத்து எண்ணெய் எடுக்கும் புது முறை வந்தது. 2018-ம் ஆண்டு அமெரிக்கா அந்தப் பழைய உச்சியையும் தாண்டியது. ஆகவே எண்ணெய் நாளைக்கே தீர்ந்துவிடும் என்று பயப்பட வேண்டியது இல்லை. ஆனால் சுலபமாக எடுக்கக்கூடிய எண்ணெயை முதலில் எடுத்துவிடுகிறோம். மிச்சம் இருப்பதை எடுக்கச் செலவு அதிகம்.

பாறைக்குள் சேமிப்பு

ஆபத்துக் காலத்துக்காக இந்தியா இப்போது எண்ணெயைச் சேமித்து வைக்கிறது. விசாகப்பட்டினம், மங்களூர், பாடூர் ஆகிய 3 இடங்களில் கெட்டிப் பாறையைக் குடைந்து பெரிய குகைகள் அமைத்திருக்கிறார்கள். அவற்றில் 53 லட்சம் டன் கச்சா எண்ணெய் கொள்ளும். அவை முழுவதும் நிரம்பி இருந்தாலும், நாட்டுக்கு ஏறத்தாழ 9 நாளுக்குத்தான் வரும்.

செஞ்சி முற்றுகை நீடித்தது ஏறத்தாழ 8 ஆண்டு. இந்தக் குகைகளில் கொள்வது ஏறத்தாழ 9 நாள் எண்ணெய்!

மாளவியா, இல்லை என்ற இடத்தில் உண்டு என்று காட்டினார். அவர் தேடித் தந்த எண்ணெயால் ஆலைகள் ஓடின, லாரிகள் ஓடின, அடுப்புகள் எரிந்தன. ஆனால் அவர் கொடுத்தது ஊற்று அல்ல, கிடங்கு. இருப்பதை எண்ணிப் பார்த்துச் செலவு செய்வதும், சூரிய வெயில், காற்று போன்ற தீராத சக்திகளைத் தேடுவதும் அடுத்த தலைமுறையின் வேலை. அதற்கும் ஒரு மாளவியாவின் பிடிவாதம் வேண்டும்!