பட்டமில்லாத பறவை டாக்டர்

சென்ற மாசியில் செம்பூரில் எங்கள் உறவினர் பிள்ளைக்கு உபநயனம். பந்தியில் பேச்சு என் பேத்தியைப் பற்றித் திரும்பியது. இன்ஜினீயரிங் முடித்து இரண்டு வருஷம் ஐ.டி. கம்பெனியில் இருந்தவள், அதை விட்டுவிட்டு, பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டிப் பறக்கவிடும் ஓர் ஆராய்ச்சி முகாமில் உதவியாளராகச் சேரப்போகிறாள். சம்பளம் முன்பு வாங்கியதில் நாலில் ஒரு பங்கு. திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. ஜாதகத்தில் உத்யோகம் என்ற இடத்தில் இனி என்ன எழுதுவது என்று என் மாட்டுப்பெண்ணுக்குக் கவலை. மறைப்பானேன், எனக்கும் அதே கவலைதான்.

அன்று ராத்திரி மாட்டுங்காவில் அகத்துக்குத் திரும்பும்போது நம் ஊர் மனிதர் ஒருவரின் நினைவு வந்தது. 1980-களின் தொடக்கத்தில் தாராவியின் ஓரமாக, மித்தி நதிக்கரையில், ஒரு பெரிய குப்பை மேடு இருந்தது. பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் உட்காருவோம். அந்தக் குப்பை மேட்டைக் காடாக்கும் முயற்சியில், 1983-இல் அங்கே முதல் மரக்கன்றை நட்டவர் 86 வயதைக் கடந்த ஒரு கிழவர். அவர்தான் டாக்டர் சலீம் அலி. இன்று 37 ஏக்கரில் மரங்கள் அடர்ந்து நிற்கும் மகாராஷ்டிரா நேச்சர் பார்க் அதுதான். நம் அங்கத்தினர்களில் பலருக்கு அவர் பெயர் தெரிந்திருக்கும். வாழ்க்கை அவ்வளவாகத் தெரிந்திருக்காது. என் கவலைக்கு மருந்து தேடித்தான் அதைப் படிக்க ஆரம்பித்தேன்.

சலீம் அலி பிறந்தது பம்பாயில், 1896 நவம்பர் 12 அன்று. பெரிய குடும்பத்தின் கடைக்குட்டி. ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தார். கேத்வாடியில் தாய்மாமன் அமீருத்தீன் தயாப்ஜியும் குழந்தையில்லாத மாமி ஹமீதா பேகமும் அவரை எடுத்து வளர்த்தார்கள். பத்துப் பன்னிரண்டு வயதில் கையில் ஒரு காற்றுத் துப்பாக்கி. குருவி சுடுவதுதான் பொழுதுபோக்கு. ஒருநாள் விழுந்த சிட்டுக்குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. அது என்ன குருவி என்று பையன் மாமாவிடம் கேட்டான். மாமாவுக்குத் தெரியவில்லை.

அந்த இடத்தில் எத்தனையோ வீடுகளில் பையனைப் பாடப் புஸ்தகத்தைப் பார்க்கச் சொல்லித் துரத்தியிருப்பார்கள். இந்த மாமாவோ, 1883-இல் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் அங்கத்தினர். கழகத்தின் கௌரவக் காரியதரிசி மில்லார்டுக்கு ஓர் அறிமுகக் கடிதம் எழுதிக் கொடுத்துப் பையனை அனுப்பினார். மில்லார்ட் துரை குருவியைப் பார்த்து இனம் சொன்னதோடு நிற்காமல், கழகத்தில் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையெல்லாம் இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து காட்டினார். பையனின் ஆயுள் அங்கேயே நிச்சயமாகிவிட்டது.

ஆனால் படிப்பு ஏறவில்லை. சேவியர் கல்லூரியில் முதல் வருஷத்தோடு நின்றார். கணிதம் பிடிபடவில்லை. குடும்பத்தின் சுரங்கத் தொழிலையும் மர வியாபாரத்தையும் கவனிக்கப் பர்மாவில் தவாய்க்குப் போனார். வியாபாரத்தில் மனம் போகவில்லை, காட்டில் போயிற்று. 1917-இல் பம்பாய் திரும்பி, தாவர் கல்லூரியில் வணிகச் சட்டமும் கணக்கியலும் படித்தார். கூடவே சேவியர் கல்லூரியில் பாதிரியார் பிளாட்டரின் ஊக்கத்தில் விலங்கியலும் பயின்றார். பல்கலைக்கழகப் பட்டம் மட்டும் கடைசிவரை வாங்கவில்லை. அந்தக் காரணத்தாலேயே இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் வேலை கிடைக்காமல் போயிற்று.

1918 டிசம்பரில் தெஹ்மினா என்ற உறவுப் பெண்ணோடு கல்யாணம். 1926-இல் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மியூசியத்தில் வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்லும் உத்யோகம், மாதம் 350 ரூபாய் சம்பளம். அந்நாளில் கௌரவமான தொகை. இரண்டு வருஷத்தில் லீவு போட்டுவிட்டு, பறவையியலை முறையாகக் கற்க ஜெர்மனிக்குப் போனார். பெர்லினில் எர்வின் ஸ்ட்ரெஸ்மான் என்ற மேதை குருவாக வாய்த்தார். வட கடலில் ஹெலிகோலாண்ட் தீவில் பறவைக்கு வளையமிடும் வேலையைக் கையால் செய்து பழகினார். 1930-இல் ஊர் திரும்பினால், பணமில்லை என்று அவருடைய பதவியையே எடுத்துவிட்டிருந்தார்கள்.

வயது 33. கல்யாணமானவர். பட்டமும் கிடையாது, வேலையும் கிடையாது. நம் அகங்களில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் என்ன பேச்செல்லாம் கேட்டிருப்பான் என்று நினைத்துப் பார்க்கிறேன். தெஹ்மினாவோ வசதியாக வளர்ந்தவர், இங்கிலாந்தில் படித்தவர். அவர் கணவரோடு கடலுக்கு அந்தப்புறம் இருந்த கிஹீம் என்ற கிராமத்துக்குக் குடிபோனார். அங்கே அருகில் தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டியிருந்தன. சலீம் அலி மாதக்கணக்கில் அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

குரங்குக்குப் புத்தி சொல்லப்போய்க் கூட்டை இழந்த தூக்கணாங்குருவிக் கதை நமக்குத் தெரியும். ஆனால் அந்தக் கூட்டின் குடும்ப ரகசியம் அதுவரை யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்தும். பெண் குருவி வந்து பரிசோதித்துப் பிடித்திருந்தால் குடியேறும். ஆண் மீதியைக் கட்டி முடிக்கும். பெண் முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும் ஆண் அடுத்த கூட்டைக் கட்டப் போய்விடும், அடுத்த பெண்ணுக்காக. இதையெல்லாம் கண்டறிந்து 1931-இல் கழகத்தின் சஞ்சிகையில் எழுதினார். வேலையில்லாமல் இருந்த நாட்களில் செய்த இந்த ஆராய்ச்சிதான் அவருக்குப் பேர் வாங்கித் தந்தது.

பிறகு சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்கும் வேலை. முகாம் செலவை மட்டும் கொடுத்தால் போதும், தனக்குச் சம்பளம் வேண்டாம் என்று அவரே முன்வந்தார். ஹைதராபாத்தில் ஆரம்பித்து, 1933-இல் நாகர்கோவிலும் செங்கோட்டையும் அடங்கியிருந்த அன்றைய திருவிதாங்கூருக்கு வந்தார். பல முகாம்களில் தெஹ்மினாவும் கூடாரத்தில் தங்கினார். 1939-இல் ஒரு சிறிய அறுவை சிகிச்சைக்குப் பின் அவர் காலமாகிவிட்டார். சலீம் அலி மறுமணம் செய்துகொள்ளவில்லை. தமக்கை கம்மூவும் அத்திம்பேரும் தங்கள் வீட்டிலேயே அவரை வைத்துக்கொண்டார்கள். இரண்டு வருஷம் கழித்து, 1941-இல், இந்தியப் பறவைகளைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் வெளியாயிற்று. டேராடூன் சிறையிலிருந்து நேரு அதை மகள் இந்திராவுக்கு அனுப்பினார். சுதந்திரத்துக்குப் பின், பரத்பூர் ஏரியை விளைநிலமாக்க எழுந்த கோரிக்கையிலிருந்து அதைக் காப்பாற்ற அந்த அபிமானம் உதவிற்று.

இனி என் பேத்தியின் விஷயமான வளையத்துக்கு வருகிறேன். 1957-இல் கர்நாடகத்தில் ஷிமோகா பக்கத்துக் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. மனிதர்களுக்கும் கொடிய காய்ச்சல் வந்தது. கியாசனூர் காட்டு நோய் என்று பெயர். அந்தக் கிருமி ரஷ்யாவில் இருந்த ஒரு கிருமியின் சாயலில் இருந்ததால், வலசை வரும் பறவைகளின் உடம்பில் ஒட்டிய உண்ணிகள் கொண்டுவந்திருக்குமோ என்று சந்தேகம். உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு 1959-இல் சலீம் அலி பறவைகளுக்கு வளையமிடும் பெரிய திட்டத்தைத் தொடங்கினார். பீகாரிலிருந்து பரம்பரையாகப் பறவை பிடிப்பவர்களை வரவழைத்தார். கொன்று விற்கப் பிடித்த கைகள், உயிரோடு விடப் பிடிக்கக் கற்றுக்கொண்டன.

வேலை இதுதான். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வலையை விடியலுக்கு முன் கட்டுவது. சிக்கிய பறவையை இறகு ஒடியாமல் எடுத்து எடையும் இறக்கை நீளமும் குறித்து, எண் பொறித்த சின்ன அலுமினிய வளையத்தைக் காலில் பூட்டி விடுவது. கண்டெடுப்பவர் பம்பாய்க் கழகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று வளையத்தில் இருக்கும். ஆயிரக்கணக்கில் பூட்டினாலும் திரும்பத் தகவல் வருவது சொற்பம். பரத்பூரில் பூட்டிய வாத்துகள் அன்றைய சோவியத் நாட்டில் அகப்பட்டபோதுதான் அவை இமயத்தைத் தாண்டிப் போய்வருவது எண்ணோடு நிரூபணமாயிற்று. காய்ச்சலைப் பறவைகள் கொண்டுவந்ததாக நிரூபணமாகவில்லை. பின்னால் அமெரிக்க ராணுவத்தின் பணமும் இதில் வந்ததால், 1970-களில் நாடாளுமன்றம் வரை சந்தேகக் கேள்விகள் எழுந்தன. முதுமையில் அவருக்கு அது பெரிய மனவருத்தம்.

ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் நாம் ஆதிசேது ஸ்நானம் செய்யப் போகிறோமே, அந்தக் கோடிக்கரையிலும் கழகம் பல்லாண்டுகள் வளையமிட்டது. 1967-இல் சரணாலயமான அந்தச் சதுப்பு நிலத்துக்குக் குளிர்காலத்தில் வடதேசத்துப் பறவைகள் கூட்டங்கூட்டமாக வருகின்றன.

மற்றவை எல்லோரும் அறிந்தவை. டில்லன் ரிப்ளியோடு 1968 முதல் 1974 வரை எழுதி வெளியிட்ட பத்துத் தொகுதிப் பறவைக் கையேடு, 1958-இல் பத்மபூஷண், 1976-இல் பத்மவிபூஷண், 1985-இல் ராஜ்யசபை நியமனம். டாக்டர் என்பது அலிகார், டெல்லி, ஆந்திரப் பல்கலைக்கழகங்கள் தந்த கௌரவப் பட்டம். 50,000 டாலர் கெட்டி பரிசு வந்தபோது அதைக் கழகத்துக்கே கொடுத்தார். 1987 ஜூன் 20 அன்று 90 வயதில் காலமானார். கோயம்புத்தூரை அடுத்த ஆனைக்கட்டியில் 1990-இல் அவர் பெயரால் ஆராய்ச்சி மையம் ஏற்பட்டது.

படித்து முடித்ததும் எனக்குப் பட்டது இதுதான். அவருடைய திறமை பெரியது, சந்தேகமில்லை. ஆனால் கடிதம் எழுதிய மாமா, கூடாரத்தில் தங்கிய மனைவி, வீட்டில் இடம் தந்த தமக்கை, இவர்களில் ஒருவர் முகம் சுளித்திருந்தாலும் கதை வேறாகியிருக்கும். அவர் குடும்பம் வசதியானது, நம்முடையது நடுத்தரம். ஆகவே ஆசீர்வாதம் மட்டும் போதாது. மூன்று வருஷத்துக்குப் பேத்தியின் மெடிக்ளெய்ம் பிரீமியத்தை என் பென்ஷனிலிருந்து கட்டுவதாகப் பிள்ளையிடம் சொல்லிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மாட்டுப்பெண்ணையும் அழைத்துக்கொண்டு எல்லோருமாகத் தாராவி நேச்சர் பார்க்குக்குப் போனோம். எங்களுக்கு இலைதான் தெரிந்தது. பேத்தி சத்தத்தை வைத்தே ஒன்பது பறவைகளின் பெயர் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் மாட்டுப்பெண் ஜாதகக் காகிதத்தை எடுத்து, உத்யோகம் என்ற இடத்தில் பறவை ஆராய்ச்சி என்று தன் கையாலேயே எழுதினாள்.